பழுப்பு நிலா

கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இன்றைக்கும் நான் முகங்களை விட்டுவிட்டுக் கறைகளைத்தான் எடுக்கிறேன். எது என்னவென்று யாருக்கும் பிடிபடாத படங்கள். இந்தக் கிறுக்கு தொடங்கியது, ஜோகுபாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்த காலையில்.

"வூடு மொத்தத்தையும் எடுத்துடு, அப்பா பாக்கணுமாம்" என்று அம்மா ஃபோனைக் கையில் கொடுத்தாள். அப்பா மஸ்கட் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் கேட்டது அது ஒன்றுதான். எனக்குப் பத்து வயது.

குழாயடியில் துரு வடிந்து ஆரஞ்சு நதி ஓடியது. எடுத்தேன். பாத்ரூம் சுவரில் பெயின்ட் உரிந்து, ரோஸுக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம் என்று தீவுகள் மிதந்தன. எடுத்தேன். கூடத்தில் ஜன்னலோரமாக, விளிம்பு கலைந்த ஒரு பழுப்பு நிலா. அதை மட்டும் நான்கு முறை.

அதற்குள் வெள்ளையடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். "பேகா, பேகா" என்று, சீக்கிரம் காலி செய்யச் சொல்லி வாளியைத் தட்டி விரட்டினார்கள். எங்களுக்கும் ஒன்பதரைக்குள் பொம்மனஹள்ளிப் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும்.

பால் பொங்கிய பிறகுதான் அம்மா படங்களைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! வூட்ட எடுடின்னா அழுக்க எடுத்து வெச்சிருக்கியே! வாசப்படி எங்கடி? அந்த மனுசன் இன்னாத்த பாப்பாரு?"

திரும்பப் போகவும் வழியில்லை. அந்நேரம் அங்கே முதல் கோட்டிங் காய்ந்துகொண்டிருக்கும். அழுதுகொண்டே எல்லாவற்றையும் அனுப்பினேன்.

அப்பா உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, திட்டு எட்டாத தூரத்தில் போய் நின்றேன். அவரோ விடுகதைக்குப் பதில் சொல்வதுபோல் குதூகலமாக ஆரம்பித்தார்.

"பாப்பா, இது பின்பக்கத்துக் கொழாதான? எத்தினி வாஷர் போட்டாலும் நிக்காது. இது பாத்ரூமு. அந்த நீலம் நான் அடிச்சது, கல்யாணமான புதுசுல." அடுத்ததில் தடுமாறினார். "இந்த ரவுண்டு எங்க இருக்குது? நான் இருந்தப்ப இல்லியே?"

எனக்கு ஒரே பெருமை. "அது அம்மா தலையெண்ணெய்ப்பா! அங்கதான் டவர் கிடைக்கும். தெனம் உங்ககிட்ட பேசறப்ப அம்மா அந்தச் செவுத்துலதான் சாஞ்சிக்கும்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, பொங்கி அடங்கிய பாலை எதற்கோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

புது வீட்டில் டவர் சரியில்லை போலிருக்கிறது என்று நான் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "ஹலோ, ஹலோ" என்று கத்தியபடி அறை அறையாக ஓடிக்கொண்டிருந்தேன்.