நடுவில் நின்ற ஆட்டோ

எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் ரோஸி என்ற பெயரில் நாலைந்து பேர் உண்டு. ஆட்டோ ரோஸி ஒருத்திதான். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து எங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, பிழைப்பு போச்சே என்று ஆளாளுக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். ரோஸி உட்காரவில்லை. வெளிநாட்டுக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன ஆட்டோவைப் பிளாக்குக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் தானே ஓட்டிப் பழகினாள். மூன்று பிளாக்குப் பிள்ளைகள் அவள் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் கீழே நின்று பேசினால் எட்டாவது மாடிக்கு ஹாரன் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் கேரம் நடக்கும். அதில் ரோஸியின் ஜோடி ஜெயவேலு. பெரும்பாக்கம் பழைய ஊர்க்காரர், அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம், இப்போது ஹார்டுவேர் கடை. அவருடைய ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டு முகம் சுளித்த நாளிலேயே, "போர்டுல எடம் கீதா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்த மனிதர். அவரும் ரோஸியும் எதிரெதிரே உட்கார்ந்தால் மற்றவர்கள் பவுடர் தூவப் போகலாம். நான் பெரும்பாலும் பவுடர் தூவியவன்.

அந்த ஜோடியைப் பிரித்தது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். எங்கள் ஊரில் சிக்னலில் நிற்பதே ஒரு தினுசு. முன்வண்டியின் நம்பர் பிளேட்டை நம் சக்கரம் முத்தமிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளியில் ஒருவன் பைக்கை நுழைத்துவிடுவான். அன்று முன்னால் ஸ்கூட்டரில் ஜெயவேலு. அவருக்குப் பின்னால், ஒட்டி உரசிக்கொண்டு, ரோஸியின் ஆட்டோ. இரண்டு பேரும் முந்தின வாரத்து ஆட்டத்தைப் பற்றிக் கத்திப் பேசிக்கொண்டே நின்றிருக்கிறார்கள். திடீரென்று ஒரு சத்தம். ஜெயவேலுவின் ஸ்கூட்டர் பறந்துபோய்ச் சாலை நடுவில் விழுந்தது. அவர் கால் எலும்பு முறிந்தது.

விழுந்தவர் திரும்பிப் பார்த்தபோது பின்னால் நின்றது ரோஸியின் ஆட்டோ மட்டும்தான். பின்னாலிருந்து வந்து இடித்த ஷேர் ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துச் சந்துக்குள் ஓடிவிட்டது என்றாள் ரோஸி. எல்லோர் கண்ணும் விழுந்தவர் மேலேயே இருந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை. பின்பக்கத்து நசுங்கலைக் காட்டினாள். சென்னை ஆட்டோவின் நசுங்கலைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் எவன் நம்புவான்? அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னாள், அதுதான் அவளைக் கவிழ்த்தது.

"நா பிரேக்க மிதிச்சிகினுதான் இருந்தேன். என் வண்டி நின்ன எடத்தவுட்டு நவுரவே இல்ல."

ஜெயவேலுவின் மனைவி தனக்கோடி அவளை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நவுராத வண்டி எப்டிமே என் வூட்டுக்காரரத் தூக்கி அடிச்சுது? பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருந்தச் சொல்லு."

நானும் யோசித்துப் பார்த்தேன். நகராத வண்டி எப்படி இடிக்கும்? பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக வேறு ஆட்டோ பார்த்தன. அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். பிறகு அவளே வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நாவலூர் கம்பெனி ஒன்றில் தரை துடைக்கப் போய்விட்டாள். வண்டியை விற்பதாகப் பேச்சு. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்த வாய் இப்போது படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போனது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயவேலு கைத்தடியோடு வந்தார். கூடவே தனக்கோடி, தாங்கிப் பிடிக்க. ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ரோஸியை நான்தான் வம்படியாக இழுத்து உட்காரவைத்தேன். கேரமில் எதிரே உட்கார்ந்தால் ஜோடி, பக்கத்தில் உட்கார்ந்தால் எதிராளி. ஜெயவேலு அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவருக்கு எதிரே பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் உட்கார, வேறு வழியின்றி நான் அவளுக்கு ஜோடியானேன்.

ஆட்டம் முடியும் கட்டத்தில் ஜெயவேலு பக்கம் ஒரே ஒரு வெள்ளைக் காய், குழி வாயில். ஆனால் அவரால் அதைத் தொட முடியாது. எங்கள் கருப்பு ஒன்று அதை ஒட்டி, டச்சில், குறுக்கே நின்றது. இன்னொரு கருப்பு அதே கோட்டில் ஒரு சாண் பின்னால். ஜெயவேலு தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஸ்ட்ரைக்கரை ஓரமாக விட்டுப் பின் கருப்பை அடித்தார்.

பின் கருப்பு வழுக்கிக்கொண்டு போய் நடுக் கருப்பில் மோதி, மோதிய இடத்திலேயே நின்றது. நடுக் கருப்பு அசையவில்லை. வெள்ளை டக்கென்று குழியில் விழுந்தது.

"சூப்பர்ண்ணா!" என்று கத்தினேன். எதிரி என்பது மறந்துபோனது. ஜெயவேலு சிரிக்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழியிலிருந்து வெள்ளையை எடுத்தார், பழையபடி கருப்போடு ஒட்டிவைத்தார், பின் கருப்பை இழுத்துவைத்தார். மறுபடி அடித்தார். மறுபடியும் அதேதான். வந்தது நின்றது, நடுவில் இருந்தது அப்படியே இருந்தது, முன்னால் இருந்தது ஓடியது.

கேரம் ஆடுகிறவன் எவனும் ஆயிரம் முறை பார்த்திருப்பான், நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றுதான் பார்த்தேன். வந்த வேகம் முழுக்க அந்த நடுக்காய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போயிருக்கிறது. காய்க்கு அது தெரிந்த மாதிரிகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் உந்த அழிவின்மை விதி என்று மனப்பாடம் செய்தேன். விதி என்றதால் ஏதோ தலையெழுத்து சமாசாரம் என்று விட்டுவிட்டேன். மோதும்போது ஒன்று இழக்கிற உந்தம் அழிவதில்லை, இன்னொன்றுக்குப் போய்ச் சேர்கிறது. அவ்வளவுதான் அந்த விதி. அழியாமல், வழியில் தங்காமல், கண்ணுக்கும் தெரியாமல் ஒன்று கடந்துபோவதைக் கண்முன்னால் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"தனம், இங்க வா" என்றார் ஜெயவேலு. தனக்கோடி குனிந்து பார்க்க, காய்களைப் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். "இது பின்னாடி வந்த ஷேர் ஆட்டோ. இது நா. நடுவுல டச்சுல நின்னுகினு கீதே, இது ரோஸி."

அடித்தார். தனக்கோடி வெள்ளை விழுந்த குழியைப் பார்க்கவில்லை. நடுக் காயைத்தான் பார்த்தாள். "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ரோஸி இப்போது வெடிப்பாள், இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று நினைத்தேன். கட்டியிருந்தாலும் தப்பில்லை. அவள் அந்தக் கருப்புக் காயின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் நவுரலன்னு சொன்னேன்ண்ணா" என்றாள். "எனக்கே அப்பறம் நம்பிக்க இல்ல. உன்னாண்ட பேசிகினே கால எடுத்துட்டேனோன்னு... அந்த பயத்துலதான் வண்டிய மூடுனேன். மெய்யாலுமே நா பிரேக்க வுடலியா?"

ஜெயவேலு அவள் பக்கத்திலிருந்து தடியை ஊன்றி எழுந்தார். தனக்கோடி தாங்கப் போனாள், வேண்டாம் என்றார். போர்டைச் சுற்றி நொண்டிக்கொண்டே வந்து, என்னை எழுப்பிவிட்டு, ரோஸிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வுடல" என்றார். "காயை அடுக்கு."