என் பின்தலையில் ஒரு குப்பனூர்

போன வாரம் சேலத்தில் ஒரு எக்ஸ்ரே அறையில் மல்லாந்து படுத்திருந்தேன். பயந்துவிடாதீர்கள், பெரிதாக ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறும்போது படிக்கு மேலே இருக்கும் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன். மகன்தான் கேட்கவில்லை.

"வயசான தலைங்கம்மா, ஒரு படம் எடுத்துப் பாத்துரலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

வயதான தலையாம்... காலைவிடத் தலைக்கு வயது அதிகமா என்ன?

படம் எடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு. முன்பின் பார்த்ததில்லை. பேச்சை வைத்துப் பார்த்தால் எங்கள் பக்கத்துப் பெண்ணும் இல்லை. என் கொண்டையை மெதுவாக அவிழ்த்துவிட்டு, கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து எதையோ தேடினாள். பின்தலையில் ஒரு இடத்தில் விரல் நின்றது.

"குப்பனூர்..." என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். "ம்... நேரா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குப்பனூர் எங்கே இருக்கிறது என்று எங்கள் மலைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாவது ரோடு அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஊர் என் பின்தலைக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடத்துக்கு முந்தியது. அப்போது நாங்கள் ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் வழியில் கொட்டச்சேட்டில் இருந்தோம். பக்கத்து வீடு ரைட்டர் வீடு. ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை — காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் பார்க்கிறவர். அவருடைய மகள் ஸ்டெல்லா சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை கற்றுக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தால் முதலில் எங்கள் வீட்டு அடுப்படிக்குத்தான் வருவாள். அந்த முறையும் வந்தாள். வந்தவள் என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? நான் மொட்டை போட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததே பெரிது. அவர் எழுந்து உட்கார்ந்தால் முடி இறக்குகிறேன் என்று சாமியிடம் சொல்லியிருந்தேன். எழுந்து உட்கார்ந்தார். இறக்கிவிட்டேன். வேண்டிக்கொள்ளும்போது தெரியவில்லை, திரும்பி வந்து தெருவில் நடக்கிறபோதுதான் தெரிந்தது... ஆண்பிள்ளை மொட்டை போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண்பிள்ளை போட்டால் ஊரே நின்று பார்க்கிறது. சும்மாவே நாலு பேர் நடுவில் பேச வாய் வராதவள் நான். வாசல் பக்கமே போகாமல் அடுப்படியிலேயே அடைந்து கிடந்தேன்.

"பெரியம்மா... உங்க மண்டை நொம்ப அழகா இருக்குதுங்க" என்றாள் ஸ்டெல்லா.

"கிண்டல் பண்ணாத கண்ணு."

"நெசமாத்தானுங்க. எல்லாமே தெரியுது" என்றவள், அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

மொட்டையடித்தவள் நான். அழுகிறவள் அவள். காப்பியைக் கொடுத்து மெல்லக் கேட்டேன்.

விஷயம் இதுதான். தலைக்குப் படம் எடுக்க வேண்டுமானால் தலையை நேராக வைக்க வேண்டும். நேர் என்றால் நம் கண்ணுக்கு நேராகத் தெரிவது இல்லை, எலும்பு நேராக இருக்க வேண்டும். அதற்கு முகத்திலும் மண்டையிலும் சில இடங்களை விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கு அது பிடிபடவில்லை.

"மசுருக்குள்ள கைய உட்டா எனக்கு ஒண்ணுமே தட்டுப்படறதில்லைங்க. படம் கோணக்கோண வருது. பாவம், நோயாளிங்கள மறுபடியும் படுக்க வெச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. லீவு முடிஞ்சு போனதும் எங்க சார் டெஸ்ட்டு வெக்கறாருங்க. தலைய நேரா வெக்கலைன்னா பொட்டியக் கட்டுன்னுட்டாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"வந்தா அம்மாகூட எஸ்டேட்டு ஸ்டோருக்குப் போயி காப்பிக் கொட்டை பொறுக்குன்னாருங்க."

கொட்டை பொறுக்குவது கேவலம் இல்லை. நானும் பொறுக்கியவள்தான். ஆனால் அந்த வீட்டில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டி, 'இது விலா, இது தோள்' என்று சொன்ன ஒரே பெண் அவள். சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் தெரியுமா? அதை நான் பார்த்திருக்கிறேன்.

"பெரியம்மா, உங்க தலையக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.

"ஏங்கண்ணு, சட்டி பானை கேக்கற மாதிரி கேக்கற?"

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அன்றைக்குத்தான் என் தலையை எனக்கே ஒருத்தி அறிமுகப்படுத்தினாள். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மேடு. அதற்குக் கீழே மூக்கு தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம். கன்னத்து எலும்பு வில் மாதிரி வளைந்து காது வரைக்கும் ஓடுகிறது. காதுக்குப் பின்னால் ஒரு முண்டு, முலைக்காம்பு மாதிரி கீழே இறங்கி நிற்கிறது. தாடை திரும்புகிற மூலை. பின்தலையின் நடுவில் ஒரு புடைப்பு... நீங்களும் இப்போது தொட்டுப் பாருங்களேன். கிடைத்ததா? இந்தத் தலையில்தான் இத்தனை வருடம் விறகும் தண்ணியும் சுமந்தேன். அதன் மேல் கொண்டை போட்டேன். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். பின்தலையை யார் பார்த்தது?

எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அவள் படிக்கப் படிக்க, எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அவளுக்கும் ஒன்று சொன்னால் ஒன்று மறந்தது. புருவ நடுவில் விரலை வைத்து நெற்றி மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, பின்பக்கம் இறங்கினாள்.

"நம்ம பஸ்ஸு போற ரூட்டாட்டமே இருக்குது சாமி" என்று சும்மா சொன்னேன்.

அவள் விரல் நின்றது. பிறகு சிரித்துவிட்டாள். புருவ நடுவிலிருந்து மறுபடி தொடங்கினாள். "அடிவாரம்... ஏற்றம்... இது ஏற்காடு." அது உச்சி. "இங்க லேசா ஒரு பள்ளம் தட்டுது, ரெண்டு எலும்பு சேருற எடமுங்க. இது கொட்டச்சேடு." அப்புறம் இறங்கி, புடைப்பில் நின்றாள். "குப்பனூர். எறங்குங்க, பஸ்ஸு இதுக்கு மேல போகாது."

முன்பக்கம் சேலம் ரோட்டில் ஏறி, பின்பக்கம் குப்பனூர் ரோட்டில் இறங்குகிற முழு மலையும் என் மொட்டையில் இருந்தது. ஒரே வித்தியாசம், வளைவு இல்லாத ரோடு. அந்த ரோடு கோணாமல் இருந்தால் தலை நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு விட்டிருக்கலாம். கோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பேனா வழுக்கியது. கரி வேர்வையில் அழிந்தது. ஓடிப்போய் அப்பாவின் மைப் புட்டியை எடுத்து வந்தாள். காப்பி மூட்டையில் எஸ்டேட் பெயரும் கிரேடும் எழுதுகிற மை! மழையில் நனைந்தாலும் போகாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பட்டையாக ரோடு போட்டாள். பக்கவாட்டில் கண்ணிலிருந்து காதுக்கு இன்னொரு கோடும் போட்டாள்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இதென்ன, ஏ கிரேடா, பி கிரேடா?" என்று கேட்டார். அந்த மனுசனுக்காகத்தான் நான் மொட்டையே போட்டேன்.

மாலையில் கழுவப் போனால் மை அசையவில்லை. தேங்காய் எண்ணெய், சீமெண்ணெய், எலுமிச்சம்பழம்... என் தோல் சிவந்ததுதான் மிச்சம். அதைவிடப் பெரிய இடி ஒன்று காத்திருந்தது. புத்தகத்தைப் புரட்டிய ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துப்போனது.

"பக்கத்துக் கோட்ட தப்பாப் போட்டுட்டேனுங்க பெரியம்மா. கண்ணோட வெளி ஓரத்துலருந்து காது ஓட்டைக்குப் போகோணும். நா புருவ ஓரத்துலருந்து இழுத்துட்டேன்."

"அதனால என்ன?"

"இந்தக் கோடு சாஞ்சா தலையே சாஞ்சுருமுங்க. இப்ப உங்களப் பாக்கறப்பெல்லாம் கண்ணு அந்தத் தப்புக் கோட்டுக்குத்தான் போவுது."

பாடம் படிக்க ஒரு தலை கிடைத்தது. அதிலும் தப்பாக எழுதி, அழிக்க முடியாமல் போயிற்று. இந்த மாதிரிக் கூத்து எங்கள் ஊரில்தான் நடக்கும்.

மறுநாள் ரைட்டர் சம்சாரம் வருகிற சத்தம் கேட்டு, வெட்கத்தில் ஒரு துண்டை எடுத்துப் புருவமும் காதும் மறையத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அந்தம்மா போன பிறகும் அவிழ்க்க மனசு வரவில்லை. ஸ்டெல்லாவுக்கோ நாள் போகிறதே என்று பதைப்பு. துண்டுக்கு மேலேயே கையை வைத்தாள். கோடு தெரியவில்லை. கண்ணுக்கு வேலை இல்லை என்று கண்ணையும் மூடிக்கொண்டாள்.

விரல் உச்சியைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கியது.

"பெரியம்மா... தட்டுப்படுதுங்க."

"எது?"

"குப்பனூரு. துண்டுக்கு உள்ளாறயும் அது அங்கயேதான் இருக்குதுங்க."

மை தப்பாகப் போகலாம். எலும்பு எங்கே போகும்? அதற்குப் பிறகு லீவு முடிகிற வரைக்கும் துண்டு கட்டிய தலைதான், மூடிய கண்ணுதான். அவள் விரல் முதலில் தடுமாறியது, அப்புறம் மெதுவாக நடந்தது, கடைசியில் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி நடந்தது. அந்த விரல்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூப்பிட்டாள். "வராண்டாவுல சும்மா உக்காந்திருங்க பெரியம்மா. உங்க தலை கண்ணுல பட்டாப் போதும், எனக்கு ரூட்டு மறக்காது." துண்டு, அதற்கு மேல் முந்தானை, இரண்டையும் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அவளுடைய சார் வெளியே வந்தார். படம் எடுக்கப் போவதில்லையாம், சும்மா படுக்க வைத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டுமாம். அவர் கண் நேராக என் மேல் விழுந்தது.

"நீங்க வாங்கம்மா."

உள்ளே போனால் துண்டை அவிழ்க்கச் சொல்வார். அவிழ்த்தால் ரோடு தெரியும். காப்பியடிக்க ஆள் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைப்பார். அதுவும் தப்பான காப்பி. ஸ்டெல்லா கதவோரம் சிலையாக நின்றாள்.

"நா மாட்டேனுங்க" என்றேன்.

அவ்வளவு சத்தமாக நான் அதுவரை எங்கேயும் பேசினதில்லை. வராண்டாவே திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் ஒரு அம்மா, தலை பாரம் தாங்குமா என்கிற மாதிரி பெரிய கொண்டை, சுற்றிப் பூ. "நா வரேனுங்க. சும்மா படுக்கறதுதானே?" என்று எழுந்து போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள் ஸ்டெல்லா.

"காலையிலதான் போட்டேன். ஏம்மா, இது இருந்தா உம்பட மிசினு கோவிச்சுக்குமா?"

"கொண்டை ஊசி படத்துல உழுந்துருமுங்கக்கா. உங்க மண்டைக்குள்ள ஊசி இருக்குதுன்னு டாக்டரு தேடிக்கிட்டு இருப்பாரு."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவிழ்த்தார். அவ்வளவு முடி. அந்தக் காட்டுக்குள் எங்கே போய்த் தேடுவாள்?

ஸ்டெல்லா கையை உள்ளே கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, தூக்கம் வருதா?" என்றார் சார்.

"இல்லீங்க சார்."

உதடு மட்டும் அசைந்தது. வேறு யாருக்கும் புரிந்திருக்காது. அடிவாரம்... ஏற்காடு... கொட்டச்சேடு... விரல் நின்றது. தலையை ஒரு பொட்டு இந்தப் பக்கம் நகர்த்தினாள். பிறகு கண் ஓரத்தைத் தொட்டாள், புருவத்தை இல்லை, காது ஓட்டையைத் தொட்டாள், தாடையைக் கொஞ்சம் இறக்கினாள். கையை எடுத்துவிட்டு நின்றாள்.

சார் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் மறுபடி பார்த்தார்.

"சரி, பொட்டியக் கட்ட வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா வேலைக்குப் போய், கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போய்விட்டாள். அங்கே பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நெற்றியில் இருந்த மை நாள்பட மங்கிப்போனது. மொட்டையிலிருந்த மை போனதா, முடி வளர்ந்து மூடியதா... அது எனக்கே தெரியாது. இன்னும் இருந்தாலும் இருக்கும். பின்தலையை யார் பார்த்தது?

போன வாரத்துக்கு வருகிறேன். எனக்கு மனசு கேட்கவில்லை. கூச்சத்தை விட்டு அந்த வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம் கேட்டே விட்டேன்.

"நீ எந்தூரு கண்ணு?"

"திருச்சிங்க பாட்டி."

"குப்பனூருன்னியே... அது என்னது?"

அவள் மிஷினைச் சரிசெய்துகொண்டே, பிரியமாகத்தான் சொன்னாள். "அது மெடிக்கல் பேருங்க பாட்டி. எங்க மேடம் சொல்லிக்குடுத்தது. உங்களுக்குப் புரியாது. தலைய மட்டும் ஆட்டாம இருங்க."

நான் ஆட்டவில்லை.