பன்னிரண்டாவது கூவு

என் வீட்டுக்காரருக்குக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் சோறு இறங்காது. தட்டை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போய்விடுவார். மழை வந்தால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அங்கேயே சாப்பிடுவார். "குழம்பு தண்ணியாப் போகுதுங்க" என்று வாசலில் நின்று கத்துவேன். "நீ வெச்சதே அப்படித்தான் புள்ள" என்பார்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் நிலத்தில் அவர் கால் படாத இடம் கிடையாது. நான் எழுந்து அடுப்பு மூட்டுவதற்குள் மரவள்ளிக் காட்டில் பாதிக் களையை வெட்டியிருப்பார். எங்கே போனாலும் பிள்ளைகளுக்கு என்று வேட்டி மடியில் எதையாவது கட்டிக்கொண்டு வருவார். காட்டுப் பழம், காளான். ஒரு முறை உயிரோடு ஒரு நண்டு. அது மடியை விட்டு இறங்க மறுத்த கதையைப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் அன்றைக்கு விஷம் ஏறிவிடும் என்று வேப்பிலை தேடி ஓடினேன்.

நான் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்புக்கு ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். பள்ளி திறந்த அன்று கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. நாளைக்கு முழங்கால் வந்தால் என்ன செய்வது என்று யோசித்துத் திரும்பியவள், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு மிளகு பறிக்கிறவர் புருஷனாக வாய்த்தார். எங்கள் ஊரில் மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவோம். கொடி எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு உயரம் ஆளும் போக வேண்டும். ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கல்யாணமான முதல் வருஷம் நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன்.

"நீ கீழ நின்னா நான் உம்மேலதான் விழுவேன். ரெண்டு பேரும் போயிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது? ஊட்டுக்குப் போ புள்ள."

போனேன், ஒரு நிபந்தனையோடு. எங்கள் ஊரில் மேட்டுக்கு மேடு கூவித்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். அதனால் ஒவ்வொரு மரத்திலிருந்து இறங்கியதும் அவர் ஒரு கூவு கொடுக்க வேண்டும். கூவு கேட்டால் ஆள் தரையில் இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு மகன் அவருக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். நான் கூப்பிட்டால் அது வீட்டில் அரிசி டிரம் மேலேயே மணியடிக்கும். கூவுதான் கடைசிவரை நின்றது.

பெரிய மகளின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது, ஏணியிலிருந்து இறங்கியவர் "லேசா தலை சுத்துச்சு" என்றார். அவ்வளவுதான். கல்யாணம் முடிகிற வரை மரம் ஏறக் கூடாது என்று நான் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். மிளகு பழுத்துக் கிடக்கிறது, குருவி தின்கிறது என்றார் அவர். முடிவில், அவர் தம்பியைத் துணைக்குக் கூட்டிப் போவது, கூவை மறக்காமல் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது.

மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"மிளகு பறிக்க எதுக்குங்க வெள்ளைச் சட்டை?"

"பழசு புள்ள."

நான் அவரைக்கொட்டையும் ஒரு டம்ளரும் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். கூவுக்கு ஒரு கொட்டை. கூவு வந்துகொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் பதினொன்று. தலை சுற்றல் போய் மனுஷர் இளந்தாரி மாதிரி வேலை செய்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது பன்னிரண்டாவது கூவு வந்தது.

எங்கள் மிளகுத் தோட்டத்தில் இருப்பதே பதினொரு மரம்தான்.

டம்ளர் உருண்டது. நான் ஓடினேன். போகிற வழியிலேயே அவரை மூன்று விதமாக விழவைத்துப் பார்த்துவிட்டேன். தோட்டத்தில் என் கொழுந்தனார் ஒரு பலாப்பழத்தைப் பிளந்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் பிசின், வாயெல்லாம் சுளை, பதின்மூன்றாவது கூவுக்குத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"உங்கண்ணன் எங்கே?"

சுளை தொண்டையில் நின்றது. "மேல இருக்காருங்க அண்ணி."

"எந்த மரத்து மேல?"

"மரத்து மேல இல்லீங்க."

"பின்னே?"

"தண்ணி மேலங்க."

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் எல்லாரும் வாசலூர்பட்டி ஏரியில் படகு போகலாம் என்று அடிவாரத்துச் சம்பந்தி சொல்லியிருந்தார். இவர் ஆயுசில் படகு ஏறியதில்லை. தண்ணீர் என்றாலே இவருக்கு நடுக்கம் என்பதை, இருபத்தாறு வருஷம் கழித்து, பலாச்சுளைக்கு நடுவே கொழுந்தனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஓடையில் செம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக் குளிப்பதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

"மாப்பிள்ளை முன்னால காலு நடுங்குனா மானம் போயிரும், முன்கூட்டியே பழகிட்டு வாரேன்னு போயிருக்காருங்க."

"தண்ணியில தலை சுத்துனா?"

"அதை நான் கேக்கலீங்களே" என்றார், அடுத்த சுளையை எடுத்தபடி.

பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமிக்கு நேர்ந்துகொண்டேன். வளைவு தீரவில்லை, சாமிகள் தீர்ந்துவிட்டார்கள்.

ஏரி நடுவில் ஒரு மிதிபடகு. அதில் வெள்ளைச் சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, வானத்தையே பார்த்தபடி என் வீட்டுக்காரர். பக்கத்தில் இருந்த படகுக்காரர்தான் இருவருக்கும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தார். மர உச்சியில் ஒற்றைக் காலில் நின்று வெற்றிலை போடுகிற மனுஷர்! நான் வாயைத் திறந்தால் பதறிப்போய்ப் படகைக் கவிழ்த்துவிடுவாரோ என்று புடவை முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

படகு திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். கையை எடுக்கப் பயம். பிடித்த பிடியை விடாமல் ஒரு கூவு கொடுத்தார். கோழிக்குஞ்சு கத்துவது மாதிரி இருந்தது. சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் பதிலுக்குக் கூவியதே இல்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவள். அன்றைக்கு என்னையும் அறியாமல் கூவிவிட்டேன். அவர் கூவைவிட என்னுடையது பலமாக இருந்தது.

கரையேறியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து கால் நடுக்கம் தீரும்வரை மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நீ பயப்படுவே."

"நீங்களே பயந்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஒரு ஊட்டுக்கு ஒருத்தர் பயந்தாப் போதும் கண்ணு. அதை நீ நல்லாப் பாத்துக்கறே, நான் எதுக்குக் குறுக்கே?"

கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி இடுப்பு வலி என்று கரையிலேயே நின்றுகொண்டார். இவர் மட்டும் துரை மாதிரி ஏறி உட்கார்ந்தார். படகில் இவர் என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது மாப்பிள்ளைக்குத் தெரியாது.

மரத்திலிருந்து விழுவார் என்று பயந்தேன், பிறகு தண்ணீரில் விழுவார் என்று பயந்தேன். அவர் எதிலும் விழவில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம் பலா மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் படுக்கறேன் புள்ள" என்று அவராகவே வீட்டுக்குள் வந்தார். அதற்கே நான் பயந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து, வெயிலுக்கு உள்ளே படுப்பது நல்லதுதானே என்று ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அவர் பிறகு வெளியே வரவில்லை.

இந்த வருஷம் மிளகைப் பறித்தது கொழுந்தனார்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே மரத்துக்கு ஒரு கூவு கொடுத்தார். எண்ணத் தெரியாத மனுஷர், இந்த முறையும் பன்னிரண்டு. நான் எழுந்து ஓடவில்லை. பன்னிரண்டாவதுக்கும் ஒரு கொட்டையை எடுத்து டம்ளரில் போட்டேன்.