ஒரே கம்பளிக்குள் வேது பிடித்தோம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில், லஸ் முனைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஆறு அறை, ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், ஒரு கிணறு. எனக்குத் தையற்கடையில் வேலை. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

அந்த மார்கழியில் ஊரெங்கும் சளிக்காய்ச்சல். எங்கள் சந்துக்கு அதை முதலில் கொண்டுவந்தவர் பக்கத்து அறைப் பாய். மெத்தை தைக்கிறவர். பஞ்சுத் தூசிதான் என்று இரண்டு நாள் தும்மிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

நான் சும்மா இருக்கிற ஆளா? யோசனை சொன்னேன். வீட்டுக்கொரு பானை வைக்க விறகு ஏது? ஒரே பானையில் நொச்சி இலையைக் கொதிக்க வைப்போம், பாய் வீட்டுப் பெரிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாலு நாலு பேராக வேது பிடிப்போம். காய்ச்சல் வராதவர்களும் வரட்டும், முன்ஜாக்கிரதை!

இட்லி சுட்டு விற்கும் அக்கா முதலில் நுழைந்து வெளியே வந்தாள். "உள்ள சொர்க்கமாட்டம் கீது நைனா! மூக்கடைப்பு மெட்ராஸ வுட்டே ஓடிப்போச்சு."

அந்தப் பேச்சைக் கேட்டே இன்னும் நாலு பேர் நுழைந்தார்கள். உள்ளே நெற்றியோடு நெற்றி முட்டும். பாய் இருமினால் அக்கா விடமாட்டாள். "இருமறதுக்கு என் மூஞ்சிதான் கெடச்சுதா பாய்?" கம்பளி குலுங்கக் குலுங்கச் சிரிப்போம். நான் மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே போய்க் குழந்தையைக் கொஞ்சினேன்.

நாலைந்து நாளில் முற்றம் வெறிச்சோடிப் போனது. அக்கா அடுப்பு மூட்டவில்லை. கடைசி அறைக் குடித்தனத்தில் ஐந்து பேரும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். எனக்கும் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஊர்க் காற்றே சரியில்லை என்று முனகினேன்.

பிள்ளை பெற்ற உடம்பு என்று கம்பளிப் பக்கமே வராத என் மனைவி, அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து இன்னாய்யா பண்ணுச்சு? கம்பளிக்குள்ள பூந்தவங்க அத்தினி பேரும் படுத்துகினு கீறாங்க. போவாதவ நான் ஒருத்திதான் நிக்கிறேன். பாய் வுட்ட மூச்ச பங்கு போட்டு இஸ்துகினு வந்துகீறீங்க. நீ கொழந்த கிட்ட வராத."

போர்வையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மார்பில் வாய் வைக்கும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு வீறிடும். பிறகு வீறிடவும் தெம்பில்லாமல் துவண்டது. நான் கிணற்றடியிலேயே கிடந்தேன். கொண்டுவந்து கொடுத்தவன் நான்தானே.

மனைவி, பனிக்கு அடைத்திருந்த சாக்கை ஜன்னலிலிருந்து பிடுங்கி எறிந்தாள். துணித்திரியால் மூக்கைத் துடைத்துத் துடைத்து, பாலாடையில் பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினாள். யாரையும் வாசப்படி ஏற விடவில்லை.

"கொழந்தைய பாக்காம எப்டிமே இருக்கறது? கல்லா நானு?" என்று போர்வையும் இருமலுமாக வந்து நின்றாள் அக்கா.

"அங்க நின்னே கேளுக்கா. காது நல்லாத்தான் கீது எனக்கு."

எங்கள் சந்தில் நோயாளியின் தலைமாட்டில் போய் உட்காராதவர் மனிதரே இல்லை. ஆனாலும் இரண்டு நாள் எல்லாரும் முற்றத்தில் நின்றுதான் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கி வாங்கி, விடாமல் உறிஞ்சுகிற சத்தம். என் காதையே நான் நம்பவில்லை.

"குடிக்கிறாய்யா!" என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள்.

பாய் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். நான் கிணற்றுச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்காவின் குரல், கரகரவென்று:

"மெதுவா குடிக்கச் சொல்லுமே, பொரையேறப் போவுது!"