லோகன் என்கிற திருச்செல்வம்

காப்பிக் கோப்பையில் எழுதப் பெயர் கேட்டால் திருச்செல்வம் 'லோகன்' என்பார். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக் கடையில் தினமும் இதே கூத்துதான். சிக்கல் என்னவென்றால், சொன்ன பெயரை அவரே மறந்துவிடுவார். கடைப்பெண் "லோகன்! லோகன் அங்கிள்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட, யார் அந்த லோகன் என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பார். கடைசியில் ஆறிப்போன காப்பியோடு ரயில் ஏறுவார். "என் பேரு அந்தக் கப்புக்கு எதுக்கு லா?" என்பது அவர் கட்சி.

வீடு பிரிக்பீல்ட்ஸில், வேலை சுபாங் ஜெயாவில். ஒரு பல்கலைக்கழகத்தின் ஸ்மார்ட் சிட்டி ஆய்வுப் பிரிவில், சென்சார்கள் அனுப்பும் தகவல்களுக்கு அவர்தான் காவல். ஊரெல்லாம் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டிகள் பேருந்து நிறுத்தத்துக் கூட்டத்தையும் தெரு இரைச்சலையும் சமையலறைப் புகையையும் ஓயாமல் அளந்து அனுப்பிக்கொண்டிருக்கும். எது யாருடையது என்று வெளியே தெரியாமல் பெயர், விலாசம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது அவர் பொறுப்பு. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'குளிப்பாட்டுவது'. மடிக்கணினியின் கேமரா மேல் மனைவியின் மெரூன் நிற ஒட்டுப் பொட்டு ஒன்று எப்போதும் இருக்கும். அது உதிர்ந்தால் மாற்றுவதற்குச் சட்டைப் பையில் ஓர் அட்டையே உண்டு. ஐம்பதைத் தாண்டிய மனிதர் பையிலிருந்து பொட்டு அட்டையை எடுப்பதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அலுவலகத்தில் இல்லை.

கிள்ளானில் ஒரு பிளாட்டில், புகை அளக்கும் பெட்டியை மாட்டப் போனபோது தாமரை அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். விடியுமுன் எழுந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்கு மிளகாய்ச் சம்பால் வதக்குகிறவள் அவள். பொட்டலங்களைக் கணவன் மோட்டார் சைக்கிளில் காப்பார் ஊர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோவான். வீட்டில் சமைத்து விற்கக் கூடாது என்று பிளாட் கமிட்டி லிப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது.

"மாமியாருக்கு இருமல் அண்ணே. புகைக்கு ஒரு வழி பொறக்கும்னா மாட்டிக்குங்க. ஆனா நான் விக்கிறது கமிட்டிக்குத் தெரிஞ்சா எங்க பொழப்பு போச்சு."

"பேரு, வீட்டு நம்பர் ஒன்னும் வெளிய போவாது. நான் பொறுப்பு லா," என்றார் திருச்செல்வம். அவர் அப்படிச் சொன்னால் சொன்னதுதான்.

சில மாதம் கழித்து, நடைபாதையில் புகைபோக்கி விசிறி போட வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் கன்னையா அந்தப் புகைக் கணக்கைக் கேட்டார். திருச்செல்வம் பெயர்களை எடுத்தார், வீட்டு எண்களை எடுத்தார், மாடி எண்ணைக்கூட எடுத்தார். "குளிப்பாட்டியாச்சு லா" என்று ஒரு காலையில் கன்னையாவின் கைப்பேசிக்குக் கோப்பின் இணைப்பை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது, அலுவலகத்தில் வரைபடம் போடும் ஏமி திரையைக் காட்டினாள். "அங்கிள், இந்த சென்சார் ஸ்பாயிலா? நெறைய வீட்டுல சாயங்காலமானா கொஞ்சம் புகை ஏறுது. இந்த ஒரு வீட்டுல மட்டும் ரெண்டு வாரமா காணோம்."

அந்த வீட்டில் மதியச் சமையலின் புகை வழக்கம்போல் இருந்தது. பெட்டி பழுதில்லை. திருச்செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சாயங்காலப் புகை சாம்பிராணி. அது நின்றுபோன வீடு துக்க வீடு. "மாமியார் தவறிட்டாங்க அண்ணே, பதினாறு முடிஞ்சி பெட்டிய செக் பண்ண வாங்க" என்று தாமரை இரண்டு வாரம் முன்புதான் போன் செய்திருந்தாள். அந்தச் சாவுக்குக் கூடாரமும் நாற்காலியும் ஏற்பாடு செய்தவரே கன்னையாதான். தேதியைப் பார்த்ததும் அவருக்கு வீடு தெரிந்துவிடும். வீடு தெரிந்தால், தினமும் விடியுமுன் அங்கே எழும் பெரும்புகையும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்தவர் நாள்களை மட்டும் அப்படியே விட்டிருந்தார். தன் வீட்டிலும் அந்தி சாய்ந்தால் மூக்கில் ஏறுகிற சாம்பிராணிதான். திரையில் கோடாக ஏறியபோது மட்டும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இணைப்பை முடக்கிவிட்டுக் கன்னையாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, காலையில அனுப்புன பைல பாத்துட்டீங்களா?"

"எங்க பாஸ் பாக்குறது? என் போன்ல தொறக்கவே மாட்டேங்குது லா. மவன் சாயங்காலம் வருவான், அவன்தான் தொறந்து குடுக்கணும்."

"தொறக்க வேணாம்! அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. பிளாட் முழுக்கச் சேத்து ஒரே கணக்கா அனுப்புறேன்."

"விசிறி போட அது போதும்தானே?"

"தாராளமா போதும்."

போனை வைத்தபின் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. ஒரு கோப்பு திறக்காமல் போனதற்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றுதான். "என்ன அங்கிள், அழுறீங்களா?" என்று கேட்ட ஏமியிடம் "மொளகா லா" என்றார். அவர் மதியம் தின்றது ரொட்டியும் வாழைப்பழமும்.

அன்று மாலையே கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனார். தாமரை வீட்டில் பதினாறு முடிந்து மறுபடியும் விளக்கு வைத்துச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் முகம் வெளுத்தது.

"கன்னையா அண்ணன் பாத்துட்டாரா?"

"பாக்கல. இனி பாக்கவும் முடியாது. ஆனா தப்பு என்னோடதுதான். வேணாம்னா பெட்டிய இப்பவே கழட்டிடுறேன்."

தாமரை பெருமூச்சு விட்டாள். பிறகு சிரித்தே விட்டாள். "வந்து சொன்னீங்கள்ல, இருக்கட்டும் லா. ஆனா அந்தப் பச்சை லைட்டுதான் அண்ணே... அடுப்புல நிக்கிறப்ப என்னையே முழிச்சிப் பாக்குற மாரி இருக்கு."

மற்ற நாளாக இருந்தால், அது வெறும் மின்சார விளக்கு, அதற்குக் கண் கிடையாது என்று நீளமாக விளக்கியிருப்பார். அன்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். மெரூன் பொட்டு ஒன்றை உரித்து, பச்சை விளக்கின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.