இரவல் டயரில் கிடைத்த எஃப்.சி.

இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள் நாங்கள்; உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். செல்லையா எனக்கு அப்படிக் கிடைத்த அண்ணன். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்துகொண்டே, வாடகைக்கு ஓட்டலாமென்று ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். ஓட்டத் தகுதியான வண்டி என்று சர்க்கார் தரும் எஃப்.சி. அதற்கு வேண்டும், டயர்களோ நான்கும் வழுக்கை.

கப்பல் உறவு எதற்கு இருக்கிறது? இன்னொரு அண்ணன் தன் வண்டியின் நல்ல டயர்களைக் கழற்றித் தந்தார். மாட்டிவிட்ட மெக்கானிக், "ஏனுங்க, இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிஞ்ச கதையாட்ட இருக்குதுங்களே!" என்று கிண்டல் செய்தார்.

"கடலையே தாண்டி வந்தாச்சு, இந்த மேட்டைத் தாண்ட மாட்டேனா?" என்று சிரித்தார் அண்ணன்.

அதிகாரி டயரைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளே கூடி ஜீப்புக்குக் குங்குமம் வைத்தோம். அன்று மாலையே இரவல் டயர்கள் உரியவரிடம் போய்விட்டன. வழுக்கை டயர்கள் மறுபடி ஏறின.

ஐப்பசி மழையில் முட்டைக்கோசு ஏற்றப் போன செல்லையா அண்ணன், ஒரு வளைவில் வழுக்கி, வண்டியோடு தேயிலைக்குள் உருண்டார். பிணமாகத்தான் தூக்கி வந்தோம்.

டயர் விஷயம் தெரியாத அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சர்க்காரே பாத்து நல்ல வண்டின்னு சொல்லிச்சே தங்கச்சி, பிறகு எப்புடி?" என்று கேட்டுக் கேட்டு அழுதார்.

இப்போது எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் குனிந்து டயரைத் தடவிப் பார்க்கிறேன்.

"என்னங்க்கா, பொண்ணு பாக்கறீங்களா?" என்பார்கள் டிரைவர்கள்.

"ஊட்டுல உன் பொண்டாட்டி காத்திருப்பாளே தம்பி, அவளுக்காகப் பாக்குறேன்" என்பேன்.