மழை வந்ததால் வராத போதகர்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப்படிப்பை முடித்தவள் நான். இப்போது டெக்சாஸில், இர்விங்கில் வேலை பார்க்கிறேன். எங்கள் சபை, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக் கிராமப் போதகர்கள் எட்டுப் பேருக்குச் சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் வேதபாடப் பயிற்சி நடத்துகிறது. வருகைப் பதிவேடு என் பொறுப்பு. மூன்று வாரம் தொடர்ந்து வராதவரை நீக்கிவிடலாம் என்ற விதியை எழுதியதும் நான்தான்.

சென்ற ஆண்டு இறுதியில் மூன்று சனிக்கிழமைகள் ஒருவர்கூட வரவில்லை. கோபத்தில், எட்டுப் பேரையும் நீக்கச் சொல்லி, பயிற்சியை நடத்தும் ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஆன்ட்டி தன் போனைக் காட்டினார். முந்தின நாள் ஒரு போதகர் அனுப்பிய படம். நனைந்த வயலில் மண்வெட்டியோடு அவரும் மனைவியும். "மன்னிக்கவும், மழை வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்.

"அவங்களுக்குச் சம்பளம் கிடையாதும்மா. இப்ப விதைக்கலன்னா வருஷம் பூரா சாப்பாடு இல்ல. நான் யாரையும் ரிமூவ் பண்ணல. வயல்வேலை பாத்த வீட்டுப் பொண்ணு, உனக்கே தெரியலையா?" என்று சிரித்தார் ஆன்ட்டி.

என் அம்மாவின் படிப்பு நின்றதே நடவு வேலையால்தான். வெட்கத்தோடு ஆன்ட்டியின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

இப்போது அட்டவணை போடுமுன் விதைப்பும் அறுவடையும் எப்போது என்று போதகர்களிடம் கேட்டு, அந்த வாரங்களுக்கு விடுமுறை விடுகிறேன். அந்த விதைப்பு முடிந்து எட்டுப் பேரும் திரும்பிய அன்று, காத்திருந்ததற்காக எனக்காகத்தான் முதலில் ஜெபம் செய்தார்கள். அவர்களை நீக்கச் சொன்ன நான் தலைகுனிந்து "ஆமென்" என்றேன்.